ஃபெராரி 12 சிலிந்திரி: இத்தாலியின் புதிய ஜிடி கார், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கப் போகிறவர்களுக்கு ஃபெராரியே ஆள் அனுப்பி விளக்கம் சொல்லிவிடும். வாங்கப் போகாத, ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்காக இந்தப் பக்கம்.

முதலில், இது என்ன கார்? எப்போது வந்தது?

812 சூப்பர்ஃபாஸ்ட் என்ற காருக்கு அடுத்த வாரிசு. 2024 மே 2 அன்று, மயாமி ஃபார்முலா 1 பந்தய வாரத்தில், மயாமி கடற்கரையில் அறிமுகமானது. இரண்டே இருக்கை, முன்பக்கம் இன்ஜின், பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி. பெயருக்கு ‘பன்னிரண்டு சிலிண்டர்கள்’ என்பதுதான் பொருள். இத்தாலியர்கள் ‘தோதிச்சி சிலிந்திரி’ என்கிறார்கள். இதற்கு மேல் கற்பனை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள் போல.

ஜிடி என்கிறார்கள், சூப்பர் கார் என்றும் சொல்கிறார்கள். இரண்டில் எது?

இரண்டும்தான். ஆனால் முதலில் ஜிடி.

ஜிடி என்பதன் விரிவான ‘கிரான் துரிஸ்மோ’ (பெரும் பயணம்) என்ற சொல்லை ஆல்ஃபா ரோமியோ 1930 வாக்கிலேயே தன் 6சி 1750 காருக்குச் சூட்டியிருந்தது. போருக்குப் பிறகு, 1951-இல் லான்சியா அவுரேலியா பி20 வந்தபோதுதான் அந்த வகைக்குத் தெளிவான உருவம் கிடைத்தது. இருவர் ஏறி, பெட்டிகளைப் பின்னால் போட்டுக்கொண்டு, காலையில் ஓர் ஊரில் கிளம்பி, மலை தாண்டி, இரவுச் சாப்பாட்டுக்கு இன்னொரு ஊரில் இறங்க வேண்டும். இறங்கும்போது இடுப்பு வலிக்கக் கூடாது. இத்தாலியின் நிலம் இதற்கென்றே அமைந்தது. நாட்டின் நடுமுதுகில் அப்பெனைன் மலைத்தொடர், வடக்கே ஆல்ப்ஸ், இடையில் போ ஆற்றுச் சமவெளி. மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ‘சூரிய நெடுஞ்சாலை’ 1964-இல் முழுமையாகத் திறந்தபோது, ஒரே நாளில் ஏறக்குறைய 760 கி.மீ. போவது பணக்காரர்களின் வாடிக்கையாகிவிட்டது.

சூப்பர் கார் என்று இன்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இன்ஜினை வைத்தவை. பந்தயத் தளத்தில் ஒரு சுற்றை எத்தனை வினாடியில் முடிக்கிறது என்பதுதான் அவற்றுக்கு அளவுகோல். 12 சிலிந்திரியை அந்தக் கோலால் அளந்தால் சுமாராகத்தான் தெரியும். ஃபெராரியின் சொந்தக் கடையிலேயே இதைவிட வேகமான கார்கள் நிற்கின்றன.

பன்னிரண்டு சிலிண்டர் எதற்கு? எட்டு போதாதா?

வேகத்துக்கு எட்டே தாராளம். ஆறு கூடப் போதும். ஃபெராரி 296 ஆறு சிலிண்டரையும் ஒரு மின்மோட்டாரையும் வைத்து 12 சிலிந்திரியின் அதே 830 குதிரைத்திறனைத் தருகிறது.

ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். ஃபெராரி பெயர் தாங்கிய முதல் கார், 1947-இல் வந்த 125 எஸ். அதன் இன்ஜின் வெறும் 1,500 சிசி. அதையும் பன்னிரண்டு சிலிண்டர்களாகப் பிரித்து வடிவமைத்தவர் ஜோவாக்கினோ கொலொம்போ. ஒவ்வொரு சிலிண்டரும் 125 சிசி, நம் ஊர் பைக் இன்ஜினின் அளவு. சிறிய பட்டறை, போர் முடிந்து இரண்டே ஆண்டு, இரும்புக்கும் தட்டுப்பாடு. அந்த நிலையில் இவ்வளவு சிக்கலான இன்ஜினில் கை வைத்ததைப் பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பிடிவாதம்தான் இன்றுவரை அந்த நிறுவனத்தின் அடையாளம்.

பொறியியல் காரணமும் உண்டு. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே அதிர்வு குறைந்தது. ஒரு பிஸ்டன் தரும் உதறலை இன்னொன்று சரிக்கட்டிவிடும். அப்படி இரண்டு இன்ஜின்களை ஒரே கிராங்க் ஷாஃப்டில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வி வடிவில் பூட்டினால் வி12. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆறு முறை எரியும். நிமிடத்துக்கு 9,250 சுற்று என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 925 எரிப்புகள். தனித்தனி வெடிப்பாகக் காது அதைக் கேட்காது. ஒரே ஸ்வரமாகத்தான் கேட்கும். வி12 ‘பாடுகிறது’ என்று ரசிகர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

டர்போ ஏன் இல்லை? இந்தக் காலத்தில் இது பின்தங்கிய தொழில்நுட்பம் ஆகாதா?

இந்தக் காரின் கவர்ச்சியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி. அதை வைத்தால் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) சீக்கிரம் வந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகில் ஒரு தள்ளு, பிறகு அதே தள்ளு நீடிக்கும். சாலையில் முந்திச் செல்ல அது வசதி. ஆனால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இயல்பாகக் காற்றை உறிஞ்சும் இன்ஜினில் விஷயம் வேறு. சுற்று ஏற ஏறத்தான் சக்தி ஏறும். 12 சிலிந்திரியின் 6,496 சிசி இன்ஜின் 678 நியூட்டன் மீட்டர் டார்க்கின் உச்சத்தைத் தொடுவது 7,250 சுற்றில். 830 குதிரைத்திறன் கிடைப்பது 9,250-இல். சிவப்புக் கோடு, அதாவது இன்ஜினுக்கு அனுமதித்த உச்சச் சுற்று, 9,500-இல். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் கோர்வையை நோக்கி ஏறுவது போல, எங்கே போகிறது என்று முன்பே தெரியும், போய்ச் சேரும் வரை காத்திருப்பதில்தான் சுகம்.

அதற்காக நகரத்தில் முக்கிக்கொண்டு போகும் இன்ஜின் என்று நினைக்க வேண்டாம். 2,500 சுற்றிலேயே உச்ச டார்க்கில் 80 விழுக்காடு கைக்கு வந்துவிடும்.

9,500 என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பைக் இன்ஜின்களுக்கு அது சாதாரணம், ஏனென்றால் பிஸ்டன் சிறியது. இங்கே சிலிண்டரின் விட்டம் 94 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 78 மி.மீ. சிவப்புக் கோட்டில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் ஒவ்வொரு கிராம் எடையும் பகை. அதனால் பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளை டைட்டானியத்தில் செய்தார்கள். எஃகை ஒப்பிட 40 விழுக்காடு எடை குறைவு. கிராங்க் ஷாஃப்டிலும் 3 விழுக்காடு குறைத்தார்கள். வால்வுகளைத் திறக்கும் பொறியமைப்பு ஃபார்முலா 1-இலிருந்து வந்தது: கேமுக்கும் (வால்வைத் தள்ளித் திறக்கும் சுழல் மேடு) வால்வுக்கும் நடுவில் வழுக்கும் சிறு நெம்புகோல், அதன் மேல் வைரம் போல் கடினமான கார்பன் பூச்சு. இந்த இன்ஜின் குடும்பம் 2002-இல் வந்த என்ஸோ காரிலிருந்தே இருக்கிறது. இருபது ஆண்டுக்கு மேலாக ஒரே குதிரையைத்தான் தேய்த்துத் தேய்த்து இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒரு சின்னத் தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, நான்காவது கியர்களில் மென்பொருள் டார்க் வளைவைக் கொஞ்சம் செதுக்குகிறது. சுற்று ஏறும்போது இழுவை தொடர்ந்து கூடிக்கொண்டே போவதாக ஓட்டுநருக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காக. தூய்மைவாதிகளுக்கு இது உறுத்தலாம். எனக்கு இது சமையலில் கடைசியில் போடும் தாளிப்பாகத்தான் படுகிறது.

ஒரு டெஸ்லா இதை சிக்னலில் தோற்கடித்துவிடும் என்கிறார்களே?

தோற்கடிக்கும். சந்தேகமே வேண்டாம். மாடல் எஸ் பிளெய்ட், பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட இரண்டு வினாடியை ஒட்டிய நேரம்தான் எடுக்கும். 12 சிலிந்திரிக்கு 2.9 வினாடி. டெஸ்லாவில் குழந்தைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டே அதைச் செய்யலாம், விலையும் பல மடங்கு குறைவு.

200 கி.மீ. வேகத்தைத் தொட இதற்கு 7.9 வினாடி, உச்ச வேகம் 340-க்கு மேல். இந்த எண்களை ஃபெராரியும் பெருமையாக அச்சிடத்தான் செய்கிறது. ஆனால் எண்ணில் ஜெயிக்கும் போட்டி மின்சார கார்கள் வந்த அன்றே முடிந்துவிட்டது. அது முடிந்ததே இந்த மாதிரிக் கார்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். இனி வேகத்தைச் சொல்லி விற்க முடியாது. ஓட்டும் சுகத்தைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

முகப்பில் அந்தக் கறுப்புப் பட்டை ஏன்?

1968 பாரிஸ் கண்காட்சிக்குப் போக வேண்டும். அங்கே வந்த 365 ஜிடிபி/4 காரை உலகம் ‘டேடோனா’ என்று அழைத்தது. அது அதிகாரப்பூர்வப் பெயர் அல்ல. 1967-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டின் சொந்த மண்ணில் தட்டிக்கொண்டு போனது. அந்த ஆரவாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பினின்ஃபரீனா நிறுவனத்தில் லியோனார்தோ ஃபியோரவந்தி வரைந்த அந்த உடலின் மூக்கில், விளக்குகளை மூடிய கண்ணாடி போன்ற பிளெக்ஸிகிளாஸ் பட்டை இடமிருந்து வலம்வரை ஓடியது. மூடிய விளக்குகளை அமெரிக்கச் சட்டம் ஏற்காததால், பிறகு மேலெழும் விளக்குகள் வந்தன.

ஃப்ளாவியோ மன்ஸோனி தலைமையிலான ஃபெராரியின் வடிவமைப்புக் குழு அந்தப் பட்டையைத்தான் இப்போது கறுப்பில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. டேடோனா கடற்கரை இருக்கும் அதே ஃப்ளோரிடா மாநிலத்தில் திரையை விலக்கியதும் கணக்குப் போட்டுச் செய்தது போலவே இருக்கிறது. ஃபெராரி அமெரிக்கச் சந்தையில் 70 ஆண்டை நிறைவு செய்ததையும் அந்த விழாவில் கொண்டாடினார்கள்.

டேடோனா எப்படிப்பட்ட கார் என்று கேட்டால் ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். 1971 நவம்பரில், பந்தய வீரர் டான் கர்னியும் பத்திரிகையாளர் பிராக் யேட்ஸும் ஒரு டேடோனாவில் நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ கடற்கரைவரை நிற்காத குறையாக ஓட்டினார்கள். ‘கேனன்பால்’ என்ற அந்த ஓட்டம் சட்டத்துக்குப் புறம்பானது. நேரம் 35 மணி 54 நிமிடம். கண்டத்தின் ஒரு கரையில் கிளம்பி மறு கரையில் இறங்கிய பிறகும் கார் நலமாக இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஜிடிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

பின்பக்கம் சிலருக்குப் பிடிக்கவில்லையே?

எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. பின்கண்ணாடியையும் டிக்கி ஓரங்களையும் சேர்த்து முக்கோணம் போலக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். வெளிர் நிறக் காரில் அது உடலை வெட்டிப்போட்டது மாதிரித் தெரிகிறது. அடர்நிறத்தில் பிரச்சினை பாதி குறைந்துவிடும்.

அந்தக் கறுப்பு அலங்காரத்துக்கு மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஓரங்களிலும் தனித்தனியாக எழும் மடல்கள் உள்ளன. 60 கி.மீ. வேகத்துக்குக் கீழே படுத்திருக்கும். தேவைப்படும்போது எழுந்து, 250 கி.மீ. வேகத்தில் 50 கிலோ அளவுக்குக் காரைச் சாலையோடு அழுத்தும். பெரிய இறக்கை ஒன்றை முதுகில் சுமந்து நிற்காமல் அதே வேலையைச் செய்ததற்காக மன்னித்துவிடலாம்.

உள்ளே எப்படி?

மூன்று திரைகள். ஓட்டுநருக்கு 15.6 அங்குலம், நடுவில் 10.25, பக்கத்தில் உட்கார்பவருக்கு 8.8. பக்கத்து இருக்கைக்காரரும் வேகத்தையும் சுற்றையும் பார்த்துக்கொண்டே வரலாம். கணவன் மனைவிக்குள் சண்டை மூட்ட நல்ல ஏற்பாடு.

தோல், தையல் எல்லாம் அந்த விலைக்குரிய தரம். ஸ்டீயரிங்கில்தான் சறுக்கல். பொத்தான்களுக்குப் பதில் தொடு பரப்புகள் வைத்தார்கள். அழுத்தினோமா, அழுத்தவில்லையா என்று கட்டை விரலுக்குத் தெரியாது. இன்ஜினை உயிர்ப்பிப்பதற்கும் அதே தொடல்தான். பன்னிரண்டு சிலிண்டரை எழுப்ப ஃபோன் திரையைத் தட்டுவது போலத் தட்டுவது எவ்வளவு அபத்தம்! குறை கூறியவர்கள் பலர். 2025-இல் வந்த ஃபெராரி அமால்ஃபியில் நிஜப் பொத்தான்களும், அலுமினியத்தில் ஸ்டார்ட் பொத்தானும் திரும்பிவிட்டன. நிறுவனம் காதில் வாங்கியிருக்கிறது.

நீண்ட பயணத்துக்கு உண்மையிலேயே உதவுமா, அல்லது பேச்சுக்குச் சொல்கிறார்களா?

உதவும், சில வரம்புகளோடு. இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, கியர்பாக்ஸைப் பின்பக்கம் வைத்திருப்பதால் எடை முன்னே 48.4, பின்னே 51.6 விழுக்காடாகப் பிரிகிறது. சமநிலை நன்றாக இருந்தால் சஸ்பென்ஷனை இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை. மேடு பள்ளச் சாலைக்கென்று மென்மையான நிலையைத் தனியே தேர்ந்தெடுக்கும் வசதி ஃபெராரியில் பல காலமாக உண்டு, இதிலும் இருக்கிறது. எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி நிதானமாகப் போகும்போது சத்தமில்லாமல் மேல் கியருக்கு மாறிக்கொள்ளும்.

நான்கு சக்கரங்களும் திரும்பும். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக, தேவைக்கேற்ற கோணத்தில். 2,700 மி.மீ. அச்சு இடைவெளியை முந்தைய காரைவிட 20 மி.மீ. குறைத்திருக்கிறார்கள். மலை வளைவுகளில் நீளமான பானட் கொண்ட ஒரு கார் சின்னக் காரைப் போல மடங்கிப் போவது இதனால்தான்.

வரம்புகள் என்னவென்றால், டிக்கி சிறியது, இரண்டு நாள் துணி போகும். கண்ணாடிகளோடு சேர்த்து அகலம் 2,176 மி.மீ. இத்தாலியின் பழைய நகரச் சந்துகளில் இதை நுழைப்பவர் தைரியசாலி. பெட்ரோல் குடிப்பதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை; அதிகாரப்பூர்வ அளவே 100 கி.மீ.க்கு 15 லிட்டரைத் தாண்டுகிறது. உற்சாகமாக ஓட்டினால் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகும்.

கூரை திறக்கும் வடிவம் உண்டா?

உண்டு, ஸ்பைடர். மடியும் கடினக் கூரை, 14 வினாடியில் திறக்கும், 45 கி.மீ. வேகம்வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். எடை 60 கிலோ கூடுதல். சத்தத்துக்காகவே இந்தக் காரை வாங்குகிறவருக்கு இதுதான் சரியான தேர்வு.

விலை?

இத்தாலியில் அறிமுக விலை கூப்பேக்கு (கூரை திறக்காத வடிவம்) 3,95,000 யூரோ, ஸ்பைடருக்கு 4,35,000. அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. வண்ணம், கார்பன் பாகங்கள், இருக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள், பட்டியல் நீளும். ஏழாண்டு பராமரிப்பு விலையிலேயே அடங்கும் என்பது ஓர் ஆறுதல்.

இவ்வளவு எண்ணிக்கைதான் செய்வோம் என்று ஃபெராரி இதற்கு வரம்பு கட்டவில்லை. ஆனால் 2024 முழுக்க எல்லா மாடல்களும் சேர்த்து உலகத்துக்கு அவர்கள் அனுப்பியதே 13,752 கார்கள். யாருக்கு எப்போது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பழைய வாடிக்கையாளருக்கு முதல் பந்தி.

இதற்குப் போட்டி எது?

நேருக்கு நேர் என்றால் ஆஸ்டன் மார்ட்டின் வான்குவிஷ். அதுவும் முன்பக்க வி12, இரண்டு இருக்கை, 835 குதிரைத்திறன். ஆனால் இரண்டு டர்போ, 1,000 நியூட்டன் மீட்டர். ஆங்கிலேயக் கார் அலை போல ஒரே மூச்சில் தூக்கிப் போகும். இத்தாலியக் காரில் நீங்கள் உழைத்து ஏற வேண்டும். எது பிடிக்கும் என்பது அவரவர் சுபாவம்.

லம்போர்கினி ரெவுவெல்தோவையும் சொல்வார்கள். அதுவும் டர்போ இல்லாத 6.5 லிட்டர் வி12 தான், ஆனால் மூன்று மின்மோட்டார்களோடு, இன்ஜின் முதுகுக்குப் பின்னால். மொத்தம் 1,015 குதிரைத்திறன். அதை ஜிடி என்று அழைத்தால் லம்போர்கினிக்கே கோபம் வரும். மோடெனாவின் இன்னொரு வீடான மசெராட்டியின் கிரான் துரிஸ்மோ நான்கு பேர் உட்காரக்கூடியது, ஆறு சிலிண்டர், முழு மின்சார வடிவமும் உண்டு. பயணம் மட்டும்தான் நோக்கம் என்றால் அறிவாளி அதைத்தான் வாங்குவார். நாம் பேசிக்கொண்டிருப்பது அறிவாளிகளைப் பற்றி இல்லை.

இதுதான் கடைசி வி12 ஆக இருக்குமா?

812 வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். ஃபார்முலா 1-இல் வி12 போய்ப் பல காலம் ஆகிறது. 1995 கனடா பந்தயத்தில் ஜான் அலேசி ஃபெராரியில் வென்றதுதான் அங்கே அதன் கடைசி வெற்றி. சாலைக் காரில் மட்டும் தாக்குப்பிடித்து நிற்கிறது. புகை விதிகள் இறுகியதால் புகைக் குழாயில் நுண்துகள் வடிகட்டி வந்துவிட்டது, அதனால் சத்தம் முன்பைவிட அடங்கிப்போனது என்று 812-ஐ அறிந்தவர்கள் குறைபடுகிறார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு.

2025 அக்டோபரில் ஃபெராரி தன் முதல் முழு மின்சார காரின் அடிச்சட்டத்தையும் மோட்டார்களையும் காட்டியது. அதே வேளையில், 2030-இல் தங்கள் மாடல்களில் 40 விழுக்காடு வெறும் பெட்ரோல் இன்ஜினோடும், 40 ஹைப்ரிடாகவும், 20 மின்சாரமாகவும் இருக்கும் என்றும் அறிவித்தது. எனவே வி12 உடனே போய்விடாது. டர்போவும் மோட்டாரும் சேராத வி12 எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

வாங்க முடியாது. கிட்டே போய்ப் பார்க்கவாவது வழி உண்டா?

இத்தாலிக்குப் போகிறவர்கள் மிலானிலிருந்தோ போலோன்யாவிலிருந்தோ ரயிலில் மோடெனா போகலாம். அங்கே என்ஸோ ஃபெராரி அருங்காட்சியகம், 20 கி.மீ. தள்ளி மாரனெல்லோவில் ஃபெராரி அருங்காட்சியகம். இரண்டுக்கும் நடுவே பேருந்து உண்டு. மாரனெல்லோ தெருக்களில் ஃபெராரியை நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன. பழைய மாடல்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும், பக்கத்தில் அவர்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்து வருவார். காசு செலவழிக்க மனமில்லையென்றால் தொழிற்சாலைக்கு அருகே தெருவோரக் காப்பிக் கடையில் உட்காருங்கள். சோதனைக் கார்கள் மலைப்பக்கம் போக அந்த ஊர்ச் சாலைகளில்தான் வெளியே வர வேண்டும். வார நாளில் போவது நல்லது, ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டுநர்களும் வீட்டில் இருப்பார்கள்.